சும்மா வைக்காத சொதி

ஜூலை 13, ஞாயிறு

கீழ்வீட்டு ரோஸலின் டீச்சர் இந்த டைரியைக் கொடுத்தாள். நகைக்கடையில் கொடுத்ததாம். பாதி வருஷம் ஏற்கெனவே போய்விட்டது. "புனேக்குப் போனா உனக்குப் பேச ஆள் கிடைக்காதுட்டி பிரமு. இப்பமே எழுதிப் பழகிக்கோ" என்றாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரட்டி விரட்டி எழுத வைத்தவள் ஓய்வு பெற்றபின் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

புனேவுக்குப் போகிறேன். இவர் காலமானதில் இருந்தே மகன் நாதன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஒற்றைப் பிள்ளை, அவனுக்கும் கவலை இருக்கும். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆவணி பிறந்ததும் அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். போன முறை அங்கே இருந்தபோது அவனும் மருமகள் ஹேமாவும் காலையில் போனால் ராத்திரி ஆபீசிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நான் ஒரு டம்ளர் ரசம் வைத்து, அதை நானே குடித்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, பழகிவிடும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு டீச்சரும் பேச்சிமுத்து அண்ணாச்சியும் வழக்கம்போல வந்தார்கள். அண்ணாச்சி இவருடைய பழைய சிநேகிதர். இவர் போனபிறகும் ஞாயிறு மத்தியானம் கால் தானாக இங்கே வந்துவிடும். டீச்சர் கூடவே மாடி வீட்டுக்காரரையும் கூட்டி வந்தாள். பொள்ளாச்சிப் பக்கமாம். பால் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. மகளுக்கு இங்கே கல்லூரியில் வேலை, அதனால் வந்திருக்கிறார். பெயர் குழந்தைவேல்.

கூட்டாஞ்சோறு செய்திருந்தேன். மனிதர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினார். "ஏனுங்க, முருங்கைக்கீரையைக் கடைசியாப் போட்டு மூடி வெச்சுட்டீங்களா? பச்சை மாறாம இருக்குதுங்க" என்றார்.

எனக்குக் கரண்டி கீழே விழாத குறை. முப்பது வருஷம் இவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். நல்ல மனுஷர், ஆனால் உப்புக் குறைந்தால் மட்டும்தான் வாயைத் திறப்பார்.

ஜூலை 16, புதன்

வீட்டைக் காலி செய்யத் தொடங்கிவிட்டேன். இட்லிக் கொப்பரையை டீச்சருக்குக் கொடுத்தேன். பெரிய வெண்கல உருளியை அண்ணாச்சி தூக்கிக்கொண்டு போனார். புனேயில் எதற்கு உருளி.

ஜூலை 20, ஞாயிறு

உருளியை ஒரு நாளைக்கு மட்டும் என்று திருப்பி வாங்கினேன். உளுந்தஞ்சோறு அதில் வைத்தால்தான் அடிபிடிக்காது.

பொள்ளாச்சிக்காரர் உளுந்தஞ்சோற்றையும் எள்ளுத் துவையலையும் பார்த்து, "இத்தனை வயசுக்கு இதையெல்லாம் யாருமே கண்ணுல காட்டலீங்க" என்றார். அங்கே அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்து, அதற்கு அரிசிம்பருப்புச் சாதம் என்று பேர் வைத்திருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பிறகு, "சொதி சொதின்னு சொல்றாங்களே, அது எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எங்க வீட்டுல சும்மா வைக்கிறதில்ல" என்றேன்.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "சார், கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுல மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வைக்கது அது. தேங்காப்பால்ல காய்கறியப் போட்டு, இஞ்சித் தொவையலோட. மத்த வீட்டுல இப்பம் எல்லா நாளும் வைக்காங்க. தங்கச்சி வீட்டுல மட்டும் மாப்பிள்ளை இல்லாம அடுப்புல ஏத்த மாட்டா. அவ அம்மா வழக்கம்."

"அப்படிங்களா" என்று அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு ரசம் எடுத்து வர வேண்டியிருந்தது. ரசம் ஏற்கெனவே மேசையில்தான் இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம் செய்து பார்த்தேன். குறை சொல்ல வேண்டுமானால் என்னவென்று தெரிந்து சொல்ல வேண்டுமே, அதற்காக. மோசமில்லை. இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வாழைக்காய், பூசணிக்காய், பாசிப்பருப்புப் பாயசம். இவர் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். உப்புச் சரியாக இருந்திருக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோபமா என்று கேட்டேன். எதற்குக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. நான்தான் ஒன்றும் செய்யவில்லையே.

மிஞ்சிய பாயசத்தை மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். மிஞ்ச வேண்டும் என்று எதுவும் செய்யவில்லை, பருப்பு கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது. சாயங்காலம் பாத்திரம் திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே நாட்டுச் சர்க்கரை. துலக்கி, துடைத்து, பளபளவென்று இருந்தது. ஆண்கள் துலக்கிய பாத்திரத்தில் விளிம்புக்கு அடியில் பிசுக்கு இருக்கும். தடவிப் பார்த்தேன், இல்லை.

ஜூலை 25, வெள்ளி

மாடிப்படியில் பொள்ளாச்சிக்காரரைப் பார்த்தேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டாராம், ரத்தக் கொதிப்பு. எனக்கென்ன வந்தது. ஆனாலும் அந்த வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா மனிதர்.

ஜூலை 27, ஞாயிறு

மானம் போயிற்று.

அவியல், இடிசாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், ரசம். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி ஒரு வாய் சாப்பிட்டார், இலை ஓரத்தில் வைத்த உப்பில் கொஞ்சம் எடுத்தார். பொரியலைத் தொட்டார், இன்னும் கொஞ்சம் எடுத்தார். பிறகு உப்பு ஜாடியையே இலைப் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். "என்ன தங்கச்சி, உப்பு விலை ஏறிட்டோ?"

டீச்சர் எல்லோருடைய இலையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பொள்ளாச்சிக்காரர் இலையில் மட்டும் ஓரத்தில் உப்பே வைக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். பரீட்சை ஹாலில் துண்டுச் சீட்டுப் பிடித்த கண்ணாயிற்றே.

"பிரமு, இங்க யாருக்குட்டி பி.பி.?"

"நமக்கெல்லாம் வயசாகுதுல்லா. உப்பக் குறைச்சுக்கிடறது எல்லாருக்கும் நல்லது" என்றேன்.

அவர் மட்டும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் நின்று, "எனக்காக எல்லாரையும் பட்டினி போட்டுட்டீங்களே" என்று மெல்லச் சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய பிறகு, நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 30, புதன்

நாதன் போன் செய்தான். வீட்டுக்குக் குடித்தனக்காரர் பேசியாகிவிட்டதாம். சாமான் கட்டுகிறவர்கள் ஆவணி இரண்டாம் தேதி வருவார்களாம். "உனக்குச் சந்தோஷம்தானம்மா?" என்று கேட்டான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

டீச்சரிடமிருந்து இட்லிக் கொப்பரையைத் திரும்ப வாங்கி வந்தேன். நாளைக்கு ஆடிப்பெருக்கு, இட்லி இல்லாமல் எப்படி. "கொடுத்ததைவிட வாங்கினதுதான்ட்டி அதிகம். நீ புனேக்குப் போறியா, புதுசாக் குடித்தனம் வைக்கியா?" என்றாள். சில பேருக்கு எப்போதும் கிண்டல்தான்.

இன்று பிச்சிப்பூ வாங்கினேன். சாமிக்குத்தான். சாமிக்குப் போக மிஞ்சியதை எறிய மனமில்லை, தலையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாலு பேரும் ஆற்றங்கரைக்குப் போனோம், தூக்குச்சட்டிகளோடு. எலுமிச்சைச் சோறு, புளியோதரை, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு. ஐந்தாவதாக என்ன செய்யலாம் என்று யோசித்தபோது கை தானாக அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் களைந்துவிட்டது.

படித்துறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அரிசிம்பருப்பைக் கண்டதும் குழந்தைவேல் என்னைப் பார்த்தார். சாப்பிட்டார். அருமை என்று சொல்லவில்லை, கீரை என்று சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கடைசியில், "ஆவணி ஒண்ணாந் தேதிக்கு மேலதானுங்களே கிளம்பறது?" என்று கேட்டார்.

"ஆமா."

தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளையோ தண்ணீரில் குதித்துச் சேலையெல்லாம் நனைத்தது, நான் நகரக்கூட இல்லை. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "புனேல தேங்காய் நல்லாக் கிடைக்குங்களா?" என்றார்.

தேங்காய். இந்த மனிதருக்குப் போய் அரிசியும் பருப்பும் களைந்தேனே.

ஆகஸ்ட் 4, திங்கள்

சமைக்கவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். அதுவும் நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாடியில் சத்தமே இல்லை. ஊருக்குப் போயிருக்கிறாராம். டீச்சர்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்டேன், ஆனால் வேறு பேச்சுக்கு நடுவில் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

உருளியை ஒரு பழைய சேலையில் சுற்றிக் கட்டினேன். சாயங்காலம் அவிழ்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் படிக்கட்டில் ஏதோ உருளும் சத்தம். கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சாக்கு மூட்டை, அவிழ்ந்து கிடந்தது. படியெல்லாம் மட்டை உரிக்காத தேங்காய்கள். நடுவில் கடப்பாரையோடு அவர்.

"நம்ம மரத்துக் காய்ங்க" என்றார்.

"இத்தனைய வச்சு நான் என்ன செய்ய? நான் ஊருக்கில்லா போறேன்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "மாசம் ஒரு மூட்டை புனேக்கு அனுப்பலாம்னுதானுங்க அன்னிக்குக் கேட்டேன். ஊருக்குப் போய் மரம் ஏற ஆளெல்லாம் பேசிட்டு வந்தனுங்க. திரும்பி பஸ்ல வரும்போதுதான் யோசனை வந்துதுங்க. மூட்டை போய்ச் சேர்ந்துரும். நான் எப்படிங்க போய்ச் சேர்றது?"

நான் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தேன். எதற்கு அதை எடுத்து வந்தேன் என்று நினைவில்லை.

"என்ற பொண்ணுகிட்டச் சொல்லிட்டனுங்க. கேட்டுப் பாருங்கப்பான்னுதாஞ் சொன்னா. நீங்க போகாம இருந்தா, மிச்சக் காலத்துக்கு நான் பக்கத்துலயே இருந்து உரிச்சுத் தருவனுங்க. உங்களுக்குச் சம்மதம்னாச் சொல்லுங்க. இல்லீன்னாலும் தேங்காய வெச்சுக்குங்க."

உள்ளே வந்து புளி ஊறப் போட்டேன். எதற்கென்று தெரியவில்லை, இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அடுக்களையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் மட்டை உரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேங்காய்ச் சோறு, தேங்காய்த் துவையல், தேங்காய் போட்ட கூட்டு, தேங்காய்ப் பர்பி. அண்ணாச்சி, "தலையில தேய்க்க எண்ணெயும் உண்டா?" என்று கேட்டார். மாடிக்காரர் வந்தார், சாப்பிட்டார், ஒன்றும் கேட்கவில்லை, என்னை அவசரப்படுத்தவும் இல்லை.

டீச்சர் கை கழுவுகிற சாக்கில் அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "எனக்கு எல்லாம் தெரியும். என்ன சொல்லப்போற?"

"நாதன் என்ன நெனைப்பான் டீச்சர். அப்பா போயி மூணு வருசந்தான் ஆகுது. எங்கம்மா இப்படின்னு அவன் ஒரு நிமிசம் முகத்தச் சுளிச்சாக்கூட என்னால தாங்க முடியாது."

"அவன்ட்ட நீ கேட்டியா?"

"போன்ல கேக்கற விசயமா இது?"

"பின்ன எதுலட்டி கேப்ப?"

ஆசை இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முதல்முறையாக வாயால் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்: ஆசை இருக்கிறது. நிறைய.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாதனுக்கு இரண்டு முறை போன் செய்தேன். ஒரு முறை மழையைப் பற்றிப் பேசினேன். இன்னொரு முறை ஹேமாவின் சளியைப் பற்றி.

ஆகஸ்ட் 16, சனி

நாதன் வந்துவிட்டான். ஹேமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறான், அந்த ஆபீஸ் சாப்பாட்டால். ஏழு தோசை சாப்பிட்டான்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பரணைத் திறந்தான், அலமாரியைத் திறந்தான். "ஒண்ணுமே கட்டலியேம்மா. கொப்பரைய டீச்சருக்குக் குடுத்துட்டேன்னு சொன்ன, அது இங்கதான இருக்கு."

"இட்லி அவிக்கணும்லா."

"இவ்வளவு தேங்கா எதுக்கு?"

"மலிவாக் கிடைச்சுது."

என்னையே பார்த்தான். இந்தப் பார்வை அவன் அப்பாவிடம் கிடையாது, என்னிடமிருந்து வந்தது. மாவு புளித்திருக்கிறதா என்று நான் பார்க்கிற மாதிரி. "பூ வச்சிருக்க" என்றான்.

தலையில் கையை வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

"நல்லாருக்கும்மா" என்றான். "நாளைக்கு என்ன சாப்பாடு?"

"சாம்பார்" என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் தேதி.

காலையில் சாம்பாருக்குத்தான் பருப்பை எடுத்தேன். குக்கரில் போடுகிற நேரத்தில், இன்றைக்கு விட்டால் நாளைக்குச் சாமான் கட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள் என்று தோன்றியது. துவரம்பருப்பைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். பாசிப்பருப்பை வறுத்தேன். தேங்காயை எடுத்து உடைத்தேன். நாதனிடம் வாயால் கேட்க முடியாவிட்டால் போகிறது, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டுவிடலாம் என்றுதான்.

முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். மூன்றாம் பாலில் காய்கறியை வேகவிட்டேன். போட்ட வேகத்தில் முருங்கைக்காய் ஒன்று அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. முதல் பாலை ஊற்றி, பொங்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிந்தேன். இஞ்சித் துவையல் அரைத்தேன். உருளைக்கிழங்கு சிப்ஸ் பொரித்தேன். உப்பைக் குறைக்கவில்லை. ஒரு நாள்தானே, டாக்டர் மன்னிப்பார்.

மேசையில் இலை போட்டாயிற்று. அண்ணாச்சி, டீச்சர், அவர், அவருக்குப் பக்கத்தில் நாதன். சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய் உருளியோடு வந்தேன்.

வாசம் எனக்கு முன்னால் போய்விட்டது. அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தினார். உருளியை எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இது சொதில்லா" என்றார், ரொம்ப மெதுவாக. டீச்சர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள் போலிருக்கிறது, முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

குழந்தைவேல் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சோற்றில் வைத்த விரல் அப்படியே நின்றது. காது மட்டும் சிவந்திருந்தது.

சொதியின் முதல் கரண்டி மாப்பிள்ளை இலைக்குத்தான். நான் அவர் இலைக்கு முன்னால் போய் நின்றேன். கரண்டியை எடுத்தேன், ஊற்ற முடியவில்லை. நாதனைப் பார்த்தேன். அவன் உருளியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், என் தலையில் இருந்த பூவைப் பார்த்தான். அவனும் மறுவீட்டன்று ஹேமா வீட்டில் இதே சொதியைச் சாப்பிட்டவன், அவனுக்கா தெரியாது.

நாதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். போயிற்று என்று நினைத்தேன். பிள்ளை சாப்பிடாமல் எழுந்துவிட்டானே என்றுதான் அப்போதும் மனது அடித்துக்கொண்டது.

அவன் என் கையிலிருந்து உருளியை வாங்கினான். "நீ உக்காரும்மா."

"எங்கல?"

"என் இலையில. அவங்க பக்கத்துல."

"யாரு பரிமாற?"

"மறுவீட்டுல பொண்ணு வீட்டுக்காரங்கதான பரிமாறணும்" என்றான். கரண்டியால் சொதியை அடியோடு கலக்கினான். "உனக்குப் பொண்ணு வீட்டுக்காரன்னு நான் ஒருத்தன்தான இருக்கேன்."

நான் உட்கார்ந்தேன். நாதன் முதல் கரண்டியை அவர் இலையில் ஊற்றினான். "இஞ்சித் தொவையலத் தொட்டுக்கிடுங்க, தேங்காப்பால் கனம்" என்று சொன்னான், அச்சு அசலாக ஹேமாவின் அண்ணன் அன்றைக்கு இவனிடம் சொன்ன மாதிரி. அடுத்த கரண்டி எனக்கு. இன்னொரு கரண்டியும் எனக்கு. ஊற்றிக்கொண்டே, "என்ட்ட முன்னாலயே சொல்லிருந்தா சாமான் கட்டுதவன்ட்ட முன்பணம் குடுத்திருக்க மாட்டேன்லா" என்று காதருகில் முணுமுணுத்தான். அப்போதுதான் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "உப்பு எப்படி இருக்கு சார்?"

"டாக்டர்கிட்ட யாரும் சொல்லிறாதீங்க" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நானும் பிசைந்து சாப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எல்லோருக்கும் பரிமாறி முடித்து, ஆறிப்போனதைத்தான் சாப்பிட்டிருக்கிறேன். ஆறினதுதான் ருசி என்றே நினைத்திருந்தேன். அவசரத்தில் நாக்குச் சுட்டுவிட்டது. எழுதும்போதும் எரிகிறது, நன்றாக இருக்கிறது.